ரெக்ஸுக்கு உடம்பு சரியில்லை

தோட்டத்து டிஸ்பென்சரிகளுக்குப் புதிதாகப் போகவிருக்கும் பிள்ளைகளே, உங்களிடம் இரண்டு வார்த்தை பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஓய்வு பெற்றவளிடம் இரண்டு வார்த்தை கேட்பது எவ்வளவு ஆபத்து என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. காய்ச்சல் பார்ப்பதும் ஊசி போடுவதும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதனால் நான் ஒரு நாயைப் பற்றிச் சொல்லப் போகிறேன். என் காலத்தில் எங்கள் தோட்டத்திலிருந்து அதிகம் பேரை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்த பெருமை எனக்கும் இல்லை, தொழிற்சங்கத் தலைவருக்கும் இல்லை. அந்த நாய்க்குத்தான். பாவம், அது தெரியாமலே செத்துப் போனது.

அப்போது நான் பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தோட்டத்தில் மருத்துவிச்சி. தொண்ணூறுகளின் நடுப்பகுதி, தோட்டங்களைக் கம்பனிகள் எடுத்து நடத்தத் தொடங்கியிருந்த காலம். எங்கள் டிஸ்பென்சர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். அவர் உட்கார்ந்த நாற்காலி மட்டும் மிச்சம். புது ஆள் வருவார், வருவார் என்றார்கள். வரும்வரை பிரசவமும் நான்தான், இருமலும் நான்தான், பல்வலியும் நான்தான். வரிசை வீடுகளில் இருக்கிற லயத்துச் சனங்கள் என்னை ‘மிஸ்ஸி’ என்று கூப்பிடுவார்கள். தோட்டத்தை நடத்தும் துரையும் அப்படித்தான் கூப்பிடுவார், ஆனால் வேறு சுருதியில்.

தோட்டத்துக்கு ஓர் அம்புலன்ஸ் இருந்தது. சக்கரம்தான் இல்லை. அதற்குள் யாரோ ஒருவருடைய கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. லொறி விடிந்ததிலிருந்து தேயிலைக் கொழுந்து ஏற்றும். மிஞ்சியது துரையின் கெப் வண்டி. துரை கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். தீபாவளிக்குப் பிள்ளைகளுக்கு இனிப்புக் கொடுப்பார், செத்த வீட்டுக்கு வந்து நிற்பார். ஆனால் நோயாளிக்கு வண்டி கேட்டால் மட்டும் அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் இருக்கும்.

“நாளைக்குக் காலை வரைக்கும் தாங்காதா மிஸ்ஸி?”

இந்தக் கேள்வி உங்களையும் தேடி வரும். இதற்குச் சரியான பதில் கிடையாது. தாங்கும் என்றால் வண்டி இல்லை. தாங்காது என்று நீங்கள் அடித்துச் சொல்லி, ஆள் மறுநாள் எழுந்து உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துவிட்டால், அடுத்த தடவை உங்கள் பேச்சு எடுபடாது. தெரியாது என்று உண்மையைச் சொன்னாலோ, தெரியாமல் எதற்கு வந்தாய் என்பதுபோல் பார்ப்பார்கள்.

இனி செல்லமுத்துவுக்கு வருகிறேன். துரையின் பங்களாவில் சமையலுக்கு ஓர் ஆள், பூந்தோட்டத்துக்கு ஓர் ஆள், நாய்க்கு செல்லமுத்து. அந்த நாய்தான் ரெக்ஸ், அல்சேஷன் சாதி. அதைக் குளிப்பாட்டுவது, நடக்கக் கூட்டிப் போவது எல்லாம் அவர் வேலை. ஆனாலும் அவருக்குப் பெருமை உண்ணி எடுப்பதில்தான். மாலையில் பங்களாவின் பின்பக்கம் ரெக்ஸைச் சாய்த்துப் போட்டு, தாய் பிள்ளைக்குப் பேன் பார்ப்பதுபோல், காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் ஒவ்வொன்றாகப் பிடுங்குவார். பிடுங்கியதை இரண்டு கட்டைவிரல் நகங்களுக்கு நடுவில் வைத்து நசுக்குவார். ‘டப்’ என்று சத்தம் கேட்டால்தான் மனிதனுக்குத் திருப்தி.

அவருக்குக் காய்ச்சல் வந்தது. தலை பிளக்கிற வலி. என்னிடமிருந்த மாத்திரைகளையெல்லாம் கொடுத்துப் பார்த்தேன், காய்ச்சல் அசையவில்லை. ஒரு கிழமை ஆவதற்குள் கையிலும் காலிலும் சிவப்புப் புள்ளிகள் வந்தன. உள்ளங்கையில், உள்ளங்காலில்கூட. அவர் மனைவி மாரியாயி, அம்மாள் வந்திருக்கிறாள் என்று வாசலில் வேப்பிலை சொருகிவிட்டாள். அந்தக் குளிர் மலையில் வேப்பிலைக்கு எங்கே போனாளோ தெரியாது. புள்ளிகள் நீர் கோக்கவில்லை, அரிக்கவுமில்லை, அதனால் அம்மை என்று எனக்குப் படவில்லை. அப்படியானால் என்ன என்றும் தெரியவில்லை. பிள்ளைகளே, தெரியவில்லை என்று கண்டுபிடிப்பதும் ஒரு கண்டுபிடிப்புதான். அதைக் கண்டுபிடித்த பிறகும் நோயாளியைக் கையில் வைத்துக்கொண்டிருப்பதுதான் தப்பு.

பங்களாவுக்கு ஏறிப் போனேன். வழக்கமான கேள்வி வந்தது. மறுநாள் போனேன். கம்பனியில் கூட்டம், கெப் அங்கே போக வேண்டும் என்றார். அதற்கு மறுநாளும் போனேன். பஸ் ரோட்டுக்கு இறங்கி நடக்க செல்லமுத்துவால் முடியாது. முடிந்தாலும் அந்தப் பஸ் வளைவுக்கு வளைவு நல்ல ஆளையே தூக்கிப் போடும். வாடகை வேனுக்கு அவர்கள் வீட்டில் வழியில்லை. அன்று காலை அவர் மாரியாயியைத் தன் அம்மாவின் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கியிருந்தார். இரண்டு பெண் பிள்ளைகளும் அதைக் கேட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். இந்த மனிதர் என் கையில் சாகப் போகிறார் என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பயத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் டிஸ்பென்சரி டெலிபோன் அடித்தது. பேசியவர் துரைசானி, துரையின் மனைவி. ரெக்ஸ் நேற்றிலிருந்து சாப்பிடவில்லையாம், நான் உடனே வந்து பார்க்க வேண்டுமாம்.

நான் மருத்துவிச்சி. எனக்கும் ரெக்ஸுக்கும் இருந்த உறவெல்லாம், அது குரைக்கும், நான் ஓடுவேன் என்ற அளவில்தான். ஆனாலும் போனேன். ஏனென்றால் கெப் பங்களா வாசலில் நின்றது.

ரெக்ஸுக்கு மெய்யாகவே உடம்பு சரியில்லை. மூக்கு காய்ந்திருந்தது, உடம்பு கொதித்தது, என்னைப் பார்த்தும் குரைக்கவில்லை. நான் ஸ்டெதஸ்கோப்பை எடுத்து நாயின் நெஞ்சில் வைத்தேன். அது எனக்கு என்ன சொன்னது என்று கேட்காதீர்கள். துரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். துரைசானி கண்ணைத் துடைத்தார். நான் தலையை மெதுவாக இரண்டு பக்கமும் ஆட்டினேன்.

“சேர், நாளைக்குக் காலை வரைக்கும் தாங்காது.”

அவர் கேட்கவே இல்லை. நானாகவே சொன்னேன். டிரைவரைக் கூப்பிடும் சத்தம் பங்களா முழுக்கக் கேட்டது.

அடுத்த சிக்கல், நாயைப் பிடித்துக்கொண்டு போவது யார் என்பது. டிரைவரை அது முன்பே ஒருமுறை கடித்திருந்தது. அவர் தூரத்தில் நின்றே கும்பிட்டார். “செல்லமுத்து பக்கத்துல இருந்தாத்தான் அடங்கும் சேர்” என்றேன்.

“அவனுக்குக் காய்ச்சல்னு நீங்கதானே சொன்னீங்க?”

“ஆமா சேர். ஆனா இது ரெக்ஸோட உசிரு இல்லீங்களா?”

துரைசானி, போய்க் கூட்டி வாருங்கள், சீக்கிரம் என்றார். நானும் கூடப் போகிறேன், வழியில் நாய்க்கு ஏதாவது ஆகிவிட்டால் என்றேன். அதற்கு எனக்கு நன்றி வேறு சொன்னார்.

மூன்று நாளாக வராத கெப் லயத்து வாசலுக்கே போய் நின்றது. மாரியாயி ஓடிவந்தாள். “தொரையே வண்டி அனுப்பிட்டாருங்களா மிஸ்ஸி?”

“அனுப்பிட்டாரு. நாயப் பாத்துக்கிறதுக்கு ஒம் புருசன் வேணுமாம்.”

அவளுக்கு ஒரு நொடி விளங்கவில்லை. விளங்கியதும் சிரிப்பும் அழுகையுமாக வந்தது. “அப்பறமா அழுவலாம், போர்வைய எடு” என்றேன்.

பின் ஆசனத்தின் நடுவில் துரைசானியின் கம்பளியை விரித்து ரெக்ஸைப் படுக்க வைத்திருந்தோம். ராஜா மாதிரி நீட்டி நிமிர்ந்து கிடந்தது. செல்லமுத்து கதவோரம் ஒடுங்கிக்கொண்டார். கொஞ்ச தூரத்தில் ரெக்ஸ் தலையைத் தூக்கி அவர் மடியில் வைத்துக்கொண்டது. அந்த மயக்கத்திலும் அவர் கை அதன் காதுக்குள் போய் உண்ணி தேடியது.

நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று நான் டிரைவரோடு சண்டை பிடிக்கவில்லை. முதலில் மிருக வைத்தியர் என்பது அவருக்குத் துரையின் கட்டளை, அவருக்கும் பிள்ளை குட்டி இருந்தது. மிருக வைத்தியரின் இடமும் வழியிலேயே முந்தி வந்தது.

அந்த வைத்தியர் யாழ்ப்பாணத்து மனிதர். மூக்கு நுனியில் கண்ணாடி. எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

“இதில ஆர் நோயாளி?”

“நாய்தாங்க ஐயா.”

“பொய் சொல்லாதேங்கோ. நாய் நாலு காலிலயும் நிக்குது. இவர் ரெண்டு காலில நிக்கேலாமல் சுவரைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார்.”

ரெக்ஸின் வாயைப் பிளந்து ஒரு மாத்திரையை உள்ளே தள்ளிக்கொண்டே, இதற்கு உண்ணி எடுப்பது யார் என்று கேட்டார். செல்லமுத்து இரண்டு கட்டைவிரல்களையும் தூக்கிக் காட்டினார். “நாந்தாங்க. ஒண்ணு விடமாட்டேன்.” வைத்தியர் அந்தக் கையைப் பிடித்துத் திருப்பி, உள்ளங்கைப் புள்ளிகளைப் பார்த்தார். அவர் குரல் மாறிவிட்டது.

“பிள்ளை, நான் மனிசருக்கு மருந்து எழுதேலாது, சட்டம் விடாது. ஆனா வாயால சொல்லலாம். உண்ணி கடிச்சாலும், அதைக் கையால நசிச்சாலும் மனிசருக்கும் ஒரு காய்ச்சல் வரும். நாய்க்கு வந்த கிருமி வேற, இவருக்கு வந்தது வேற. மருந்து ஒண்டுதான், இப்ப நாய் விழுங்கினது. உண்ணிக் காய்ச்சலோ எண்டு பாக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில கேளுங்கோ. உடுப்பைக் கழட்டி முழு உடம்பும் பாக்கச் சொல்லுங்கோ. கறுத்த பொருக்கு ஒண்டு எங்கையாவது ஒளிச்சிருக்கும், சிலருக்கு இராது. இனி நிக்காதேங்கோ.”

பிறகு டிரைவரிடம் சிங்களத்தில், நாயை மாலைவரை தான் வைத்துப் பார்க்க வேண்டும், அதுவரை வண்டி இங்கே சும்மா நிற்க வேண்டாம் என்றார். நாய்க்கு அவ்வளவு நேரம் தேவைப்படவில்லை என்று எனக்கு விளங்கியது. அதைச் சொல்லும்போது அவர் என் பக்கம் திரும்பவேயில்லை. இப்படிப்பட்ட ஆட்களை உங்கள் வேலையில் எங்காவது சந்திப்பீர்கள். சந்தித்தால் கூட இருந்து பழகிக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியில் ஒரு சிங்கள இளம் டொக்டர். பல நாள் தூங்காத முகம். உண்ணிக் காய்ச்சலாக இருக்குமோ என்று நான் கேட்டதும் புருவத்தை நெரித்தார். யார் சொன்னது என்றார்.

“ஒரு வைத்தியர் சொன்னாங்க டொக்டர்.”

“எந்த வைத்தியர்?”

“ரொம்ப அனுபவசாலி. நோயாளி வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லாமலே நோயைக் கண்டுபிடிப்பார்.”

சத்தியமாக இதில் பொய் ஒன்றும் இல்லை. டொக்டர் திரையை இழுத்துவிட்டு முழு உடம்பையும் பார்த்தார். அரைஞாண் கயிற்றுக்குக் கீழே, ஒரு பயறு அளவில் கறுத்த பொருக்கு இருந்தது. செல்லமுத்து வெட்கப்பட்டு எனக்குக் காட்டாமல் வைத்திருந்த இடம். டொக்டர் உடனே மருந்தைத் தொடங்கச் சொன்னார். நோயின் பெயரை என்னிடம் சிங்களத்தில் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகத் திரும்பினார்.

“டொக்டர், அத அவர்கிட்டயும் சொல்லுங்க. காய்ச்சல் அவருடையதுதானே, நான் தமிழ்ல சொல்லிக் குடுக்கிறேன்.”

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஆனால் நின்றார். என்ன நோய், எதனால் வந்தது, எத்தனை நாள் மருந்து, எல்லாவற்றையும் செல்லமுத்துவின் முகத்தைப் பார்த்து மறுபடி சொன்னார். அந்த டொக்டரை நான் இன்றுவரை மதிக்கிறேன். உங்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன். நோயாளிக்குத் தன் நோயின் பெயரைத் தெரிந்துகொள்ள உரிமை உண்டு. அது அவர் தலைக்கு மேலே, அவருக்குத் தெரியாத பாஷையில் பறந்து போக விடாதீர்கள்.

டொக்டர் போன பிறகு செல்லமுத்து என்னைக் கிட்டே கூப்பிட்டார். “அப்ப இது நாய்க் காச்சலா மிஸ்ஸி?”

“உண்ணிக் காச்சல்.”

“லயத்துல சொல்லிராதீங்க. எங்க, ஒரு தடவ குரைச்சுக் காட்டும்பாங்க.”

“யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”

“ரெக்ஸுக்கும் இதே மருந்துதானுங்களா?”

“அதே மருந்துதான்.”

“அதுக்கு எப்ப குடுத்தாங்க?”

“காலையிலயே. நீங்கதான் பாத்துக்கிட்டு நின்னீங்க.”

“அப்ப எனக்கு முந்தியே” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகைதான் வந்தது.

மாலையில் ரெக்ஸை மட்டும் கொண்டுபோய் இறக்கினோம். துரை, செல்லமுத்துவுக்கு என்ன வருத்தம், டொக்டர் என்ன நோய் என்றார் என்று கேட்டார். “அவர்கிட்டத்தான் சேர் கேக்கணும்” என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. அதற்குள் துரைசானிக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. செல்லமுத்துவிடமிருந்துதான் ரெக்ஸுக்குத் தொற்றியிருக்குமோ?

என் வாயில் வந்ததை நான் எப்படி விழுங்கினேன் என்று எனக்குத்தான் தெரியும். உண்மையைச் சொல்லாவிட்டால் பங்களாவில் மற்றவர்களும் உண்ணியில் மாட்டுவார்கள். சொன்னால் கொடுத்த வாக்குப் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய் செல்லமுத்துவிடமே கேட்டேன். அதற்குள் காய்ச்சல் இறங்கி எழுந்து உட்கார்ந்திருந்தார். கதையைக் கேட்டதும் கொதித்துப் போனார்.

“பங்களாவுல மட்டும் சொல்லுங்க மிஸ்ஸி. ஆனா நாயில இருந்துதான் எனக்கு வந்துச்சுன்னு தெளிவாச் சொல்லுங்க. எங்கிட்ட இருந்து நாய்க்குன்னு ஒருத்தரும் பேசக்கூடாது.”

அவர் சொன்னபடியே சொன்னேன். நாயைக் குளிப்பாட்ட உண்ணி மருந்தும், செல்லமுத்துவுக்குக் கையுறையும் சின்னக் குறடும் வந்தன. அவர் திரும்பி வேலைக்கு வந்து கையுறையைப் போட்டுக்கொண்டார். ‘டப்’ சத்தம் இல்லாத வேலை ஒரு வேலையா என்று மட்டும் கொஞ்ச நாள் முணுமுணுத்தார்.

இதற்குப் பிறகுதான் ரெக்ஸின் உடம்பு அடிக்கடி கெட ஆரம்பித்தது. லயத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி இழுத்துக்கொண்டே போனால், ரெக்ஸ் சாப்பாட்டைத் தொடாது. யாருக்காவது நெஞ்சடைத்தால், ரெக்ஸ் சுருண்டு படுத்துவிடும். விஷயம் ஒன்றுமில்லை. செல்லமுத்து அன்று காலையிலேயே பின்பக்கம் வைத்து அதற்கு வயிறு முட்டச் சோறும் சுட்ட கருவாடும் போட்டிருப்பார். அதற்கு மேல் எந்த நாய் பங்களாத் தட்டில் வாய் வைக்கும்? துரைசானி பதறுவார், கெப் கிளம்பும், துணைக்கு ஆள் என்று நோயாளி கதவோரம் ஏறிக்கொள்வார். மிருக வைத்தியர் ஒவ்வொரு முறையும் ரெக்ஸின் வயிற்றைத் தட்டிப் பார்த்து, “பாவம், நல்லாக் கொழுத்துப் போச்சு” என்பார்.

சிரிக்கிறீர்கள். நானும் அப்போதெல்லாம் சிரித்தேன். ஆனால் வீட்டுக்குப் போய்ப் படுத்தால் மனது கசக்கும். தந்திரம் செய்தால் அன்றைக்கு வண்டி வரும். ஆனால் அந்த வண்டி நமக்கும் உரியது என்று யாருக்கும் தோன்றாமலே போய்விடும்.

இரண்டாயிரம் பிறந்த கையோடு ரெக்ஸ் கிழடாகிச் செத்தது. செல்லமுத்துதான் குழி தோண்டினார், துரையைவிட அதிகம் அழுதார். அதன் பிறகு ஒரு மாதம்கூட ஆகவில்லை, லெச்சுமிக்குக் காய்ச்சல் வந்தது. லயத்துக்குப் பின்னால் ஆடு வளர்த்த பெண், கைக்குழந்தைக்காரி. உள்ளங்கையைத் திருப்பினேன், புள்ளிகள் இருந்தன. இந்த முறை என்ன நோய் என்று எனக்குத் தெரிந்திருந்தது, மருந்தும் அலுமாரியில் இருந்தது. ஆனால் விழுங்கியதையெல்லாம் வாந்தி எடுத்தாள். மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியை விட்டால் வேறு வழியில்லை.

பங்களாவுக்கு ஏறும்போது நான் பொய் தேடிக்கொண்டே போனேன். துரைசானியிடம் ஒரு கிளி இருந்தது. கிளிக்குக் காய்ச்சல் என்று சொன்னால் எடுபடுமா என்றுகூட யோசித்தேன். அப்போது செல்லமுத்து என்னைத் தாண்டி வேகமாக நடந்தார். வேலைக்காரர்கள் போகும் குசினிப் பக்கம் திரும்பவில்லை. பங்களாவின் முன் படிகளில் ஏறி நின்று, “தொரைங்க!” என்று கூப்பிட்டார்.

துரை வெளியே வந்தார். “என்ன செல்லமுத்து, முன்னால வந்து நிக்கிற?”

“வண்டி வேணுங்க. லெச்சுமிக்கு உண்ணிக் காச்சல். எனக்கு வந்துச்சே, அதேதான்.”

டிரைவர் இருந்தார், தோட்டக்காரர் இருந்தார், அவர் பின்னாலேயே வந்த லயத்துச் சனம் பாதி படிக்குக் கீழே நின்றது. எல்லார் காதிலும் விழும்படிதான் சொன்னார்.

துரை என் பக்கம் திரும்பினார். “நாளைக்குக் காலை வரைக்கும் தாங்காதா மிஸ்ஸி?”

நான் வாயைத் திறப்பதற்குள் செல்லமுத்து சொன்னார். “மிஸ்ஸியக் கேக்காதீங்க தொரை. இத ரெக்ஸுக்கு ஒரு நாளாச்சும் கேட்டீங்களா?”

துரையின் முகம் சிவந்தது. திட்டப் போகிறார், செல்லமுத்துவின் வேலை போகப் போகிறது என்றுதான் நினைத்தேன். அவர் செல்லமுத்துவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சட்டைப் பைக்குள் கையைவிட்டுச் சாவியை எடுத்து டிரைவரிடம் கொடுத்தார். உள்ளே போய்விட்டார்.

கெப் லயத்துக்கு வந்தது. இரண்டு பெண்கள் லெச்சுமியைத் தாங்கிக் கூட்டி வந்தார்கள். கதவைத் திறந்ததும் அவள் ஏறாமல் நின்று, உள்ளே எட்டி ஆசனம் முழுவதையும் பார்த்தாள்.

“நாய் இல்லாம ஏறலாங்களா மிஸ்ஸி?”

செல்லமுத்துதான் பதில் சொன்னார்.

“ஏறு புள்ள. நடுவுலயே உக்காரு.”